லெம்பிக்கு ஒத்துக்கொண்ட இலை

பிர்ச் மரம் லெம்பிக்கு ஆகாது.

சொன்னால் எங்கள் ஊரில் பாதிப் பேர் நம்ப மாட்டார்கள். பின்லாந்தில் பிறந்துவிட்டு பிர்ச் ஆகாது என்றால் எப்படி? ஜன்னலைத் திறந்தால் பிர்ச். பள்ளிக்கூட வாசலில் பிர்ச். ஏரிக்கரை நெடுக பிர்ச்.

ஆனால் உடம்புக்கு இதெல்லாம் தெரியுமா? மே மாதம் பிர்ச் பூத்து, மஞ்சள் தூள் காற்றில் பறக்க ஆரம்பித்ததும் லெம்பியின் கண்கள் வீங்கிவிடும். கைக்குட்டையும் கையுமாகத் திரிவாள். பச்சை ஆப்பிளைக் கடித்தால் அவளுக்கு வாய் அரிக்கும். உருளைக்கிழங்குக்குத் தோல் சீவினால் விரல் அரிக்கும். பிர்ச் ஆகாத சிலருக்கு இவையும் ஆகாது.

"எனக்கும் உருளைக்கிழங்கு ஆகாது" என்று அவள் தோழி சைமியின் தம்பி வைனோ அடிக்கடி சொல்லிப் பார்ப்பான். அவனுக்கு ஆறு வயது. "சீவுறதுதான் ஆகாது. தின்னா ஒண்ணும் ஆகாது."

சைமிக்கும் லெம்பிக்கும் பத்து வயது. ஒரே கட்டடத்தில் சைமி இரண்டாம் மாடி, லெம்பி மூன்றாம் மாடி. ஒருத்தி தும்மினால் இன்னொருத்திக்குக் கேட்கும். மே மாதத்தில் சைமிக்கு நிறையவே கேட்கும்.

பள்ளி மூடிக் கோடை விடுமுறை தொடங்கியிருந்தது. முற்றத்து ஊஞ்சலில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். நடுக்கோடைத் திருநாளுக்கு ஏரி வீட்டில் என்னென்ன செய்யலாம் என்று சைமி மூச்சுவிடாமல் அடுக்கிக்கொண்டே போனாள். ஒவ்வொரு வருடமும் லெம்பியின் குடும்பம் சைமியின் ஏரி வீட்டுக்கு வருவது வழக்கம்.

"நான் வரல" என்றாள் லெம்பி.

ஊஞ்சல் நின்றுவிட்டது.

"என்னடி சொல்ற?"

"அம்மாவும் அப்பாவும் வருவாங்க. நான் எங்க அத்தை வீட்டுல இருந்துக்கறேன்."

"ஏன்?"

"ஏன்னு உனக்குத் தெரியாதா? நீங்க எல்லாரும் சவுனாக்குள்ள போயிடுவீங்க. உள்ள சிரிக்கற சத்தம் கேக்கும். நான் மட்டும் படகுத்துறையில உக்காந்து கொசுவுக்கு ரத்ததானம் பண்ணணும். போன வருஷம் பண்ணேன். அதுக்கு முந்தின வருஷமும் பண்ணேன். போதும்."

லெம்பி சொன்னது அத்தனையும் உண்மை.

சைமியின் ஏரி வீட்டில் கரையோரமாக ஒரு மரக் குடில் இருக்கிறது. அதுதான் சவுனா. அடுப்பின் மேல் அடுக்கிய கற்கள் நன்றாகச் சூடேறியதும், கரண்டியில் தண்ணீர் மொண்டு ஊற்றுவார்கள். புஸ்ஸென்று ஆவி எழும். பலகையில் உட்கார்ந்து அந்த ஆவியில் வியர்க்க வேண்டும். அப்போது பிர்ச் கிளைகளை இலையோடு கட்டிய தழைக்கொத்தைத் தண்ணீரில் நனைத்து, முதுகிலும் தோளிலும் தட்டிக்கொள்வார்கள். உடம்பு லேசாகிவிடும். வாசனை ஊரைத் தூக்கும்.

லெம்பிக்கோ அந்த ஆவி பட்டதும் முகம் தடித்துவிடும்.

"தழைக்கொத்தை வேற மரத்துல கட்டினா?" என்று சைமி மெதுவாகக் கேட்டாள்.

லெம்பி சிரித்துவிட்டாள். "உங்கப்பா விடுவாரா?"

அது நியாயமான கேள்விதான். சைமியின் அப்பா பெயர் யார்க்கோ. நகரப் பேருந்து ஓட்டுகிறவர். எவ்வளவு நெரிசலிலும் குரலை உயர்த்தாதவர். தழைக்கொத்து விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டார். அவர் மேற்கே பிறந்தவர் என்பதால் அதை விஹ்தா என்பார். லெம்பியின் அப்பா ஏசா கிழக்கே பிறந்தவர். அவர் வஸ்தா என்பார். எது சரியான பெயர் என்று இருவரும் ஒவ்வொரு திருநாளிலும் சாசேஜ் கருகும் வரை சண்டை போடுவார்கள். பெயருக்கே இந்தப் பாடு என்றால், மரத்தையே மாற்றுவதை அவர் ஒப்புக்கொள்வாரா?

"நான் கேட்டுப் பாக்கறேன்" என்றாள் சைமி. "அதுவரைக்கும் வரமாட்டேன்னு உங்க வீட்டுல சொல்லாத."

அன்று மாலை சாப்பிடும்போது கேட்டாள்.

"அப்பா, இந்த வருஷம் தழைக்கொத்தை வேற மரத்துல கட்டலாமா?"

அப்பா முள்கரண்டியைக் கீழே வைத்தார். "வேற மரமா?"

"லெம்பிக்கு பிர்ச் ஆகாதுல்ல."

"பாவம்தான் அந்தப் பொண்ணு. அதுக்காக? பிர்ச் இலையில என்னென்ன இருக்குன்னு உனக்குத் தெரியுமா?"

"என்ன இருக்கு?"

அப்பா வாயைத் திறந்தார். யோசித்தார். மூடினார்.

"எல்லாம் இருக்கு" என்றார்.

அம்மா சிரிப்பை அடக்க ரொட்டியைக் கடித்துக்கொண்டார்.

"சரி, இப்படி வெச்சுக்கலாம்" என்றார் அப்பா. "பிர்ச் செய்யற வேலையைச் செய்யற வேற இலை ஒண்ணு கொண்டா. நானே என் கையால சவுனாக் கொக்கியில மாட்டறேன்."

பிர்ச் என்ன வேலை செய்கிறது என்று தெரிந்தால்தானே அதைச் செய்கிற வேறு இலையைத் தேட முடியும்? மறுநாள் காலையில் சைமி மருந்துக்கடைக்குப் போனாள். லெம்பியின் அம்மா காத்தி அங்கேதான் வேலை பார்க்கிறார். வைனோவும் ஒட்டிக்கொண்டு வந்தான்.

"பிர்ச் இலையில என்ன இருக்கு?" என்று சைமி கேட்டதும் காத்தியின் புருவம் உயர்ந்தது. லெம்பியின் பெயரைச் சைமி எடுக்கவில்லை. மூலிகை அலமாரியிலிருந்து காத்தி ஒரு பொட்டலத்தை எடுத்து வந்தார். உள்ளே உலர்ந்த பிர்ச் இலைகள்.

"இதுல சப்போனின்னு ஒரு பொருள் இருக்கு. தண்ணில போட்டுக் குலுக்கினா நுரைக்கும். அழுக்கை எடுக்கும். அப்புறம் பிளேவனாய்டு. இலையைக் கொதிக்க வெச்சா தண்ணி மஞ்சளாகும் பாரு, அதுல அதோட பங்கும் இருக்கு. கொஞ்சம் வைட்டமின் சி. அப்புறம் பிசின் எண்ணெய், வாசனை அதுலேருந்துதான் வருது."

"பொட்டலத்தை யாரு வாங்குவாங்க?" என்று வைனோ கேட்டான்.

"உடம்புல நீர் சேந்துக்கிட்டவங்க டாக்டர்கிட்ட கேட்டுட்டு வாங்குவாங்க. டீ மாதிரி போட்டுக் குடிச்சா அடிக்கடி ஒண்ணுக்கு வரும்."

வைனோ பொட்டலத்தை மரியாதையோடு பார்த்தான். அப்புறம் வீடு வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தான்.

சீயக்காயில் நுரைக்கிற பொருளும் இந்தச் சப்போனின் வகைதான். சைமி சீயக்காயைப் பார்த்ததில்லை. ஆனால் கண்ணாடி ஜாடியில் பிர்ச் இலையையும் வெதுவெதுப்பான தண்ணீரையும் போட்டுக் குலுக்கியபோது எழுந்த வெள்ளை நுரையைப் பார்த்து வாயைப் பிளந்தாள். ஓர் இலைக்குள் சோப்பு இருக்கிறது என்று அவள் நினைத்ததே இல்லை.

அந்த வார இறுதியில் படகைப் பழுதுபார்க்க அப்பா ஏரி வீட்டுக்குப் போனார். சைமியும் போனாள். கரையோரம் ஆல்டர் மரங்கள் அடர்ந்து நின்றன. கெட்டியான இலை. ஆவியில் உதிராது. கிளையும் நன்றாக வளைந்தது. சொந்த நிலத்து மரம் என்பதால் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

சைமி வெட்டி, அடுக்கி, கட்டினாள். இலையின் பளபளப்பான பக்கம் வெளியே தெரிய வேண்டும் என்று அப்பா எப்போதும் சொல்வதை மறக்கவில்லை. கட்டி முடித்ததும் அவளுக்கே கர்வமாக இருந்தது.

ஊருக்குத் திரும்பியதும் மூன்றாம் மாடிக்கு ஓடினாள்.

"கண்ண மூடு. கைய நீட்டு."

லெம்பி கண்ணை மூடிக் கையை நீட்டினாள். சைமி தழைக்கொத்தை அவள் கையில் வைத்து, விளையாட்டாக முழங்கையில் இரண்டு தட்டும் தட்டினாள்.

"என்ன இது?"

"ஆல்டர். பிர்ச்சே கிடையாது. வாசனை பாரு."

லெம்பி முகத்தைப் புதைத்து ஆசையாக முகர்ந்தாள். அப்புறம் தும்மினாள். மறுபடியும் தும்மினாள். கண்ணில் நீர் கட்டியது. முழங்கையில் சிவப்பாகத் தடித்தது.

காத்தி உள்ளேயிருந்து வந்து தழைக்கொத்தைப் பார்த்தார். அதை வாங்கி வெளியே படிக்கட்டில் வைத்துவிட்டு, லெம்பியின் கையைக் கழுவிவிட்டு மாத்திரை கொடுத்தார்.

"ஆல்டர் யாரு தெரியுமா சைமி?" என்றார். "பிர்ச்சோட சித்தப்பா மகன். ரெண்டும் ஒரே குடும்பம். ஹேசல் மரமும் அந்த வீட்டுப் பிள்ளைதான். ஒருத்தர் ஆகலேன்னா மத்தவங்களும் ஆகாமப் போகலாம். எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

உதவப் போய் லெம்பியை அழ வைத்துவிட்டோமே என்று சைமிக்கு இருந்தது.

"விடு சைமி" என்றாள் லெம்பி, மூக்கைச் சிந்தியபடி. "எல்லா மரத்துக்கும் என்கிட்ட ஏதோ பகை. நான் அத்தை வீட்டுக்கே போறேன்."

சைமி படி இறங்கினாள். பாதிப் படியில் ஆல்டர் தழைக்கொத்து கிடந்தது. அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மருந்துக்கடைக்குப் போனோம். ஜாடியில் குலுக்கினோம். கரையெல்லாம் தேடினோம். யாரைக் கேட்க மறந்தோம்?

எழுந்து திரும்பவும் மேலே ஓடினாள்.

"என்ன?" என்று லெம்பி கதவைத் திறந்தாள். கண் இன்னும் சிவந்திருந்தது.

"ஒரே ஒரு கேள்வி. எந்த மரத்தடியில உக்காந்தா உனக்கு ஒண்ணும் ஆகாது?"

லெம்பி இதை எதிர்பார்க்கவில்லை. அவளிடம் இதுவரை எல்லோரும் எது ஆகாது என்றுதான் கேட்டிருக்கிறார்கள். எது ஆகும் என்று யாரும் கேட்டதில்லை.

"சர்ச் பூங்காவுல ஒரு பெரிய மரம் இருக்குல்ல" என்றாள் யோசித்து. "பெஞ்சுக்கு மேல கவிஞ்சு நிக்குமே. இலைகூட இதயம் மாதிரி இருக்கும். கோடையில நான் அங்கதான் உக்காந்து படிப்பேன். ஜூலையில அது பூத்தா ஒரே தேனீயா இருக்கும். ஆனா தும்மலே வராது."

"லிண்டன்" என்று உள்ளேயிருந்து காத்தியின் குரல் வந்தது. "சளி பிடிச்சா உனக்குத் தேன் விட்டுத் தரேனே ஒரு டீ, அது அந்த மரத்துப் பூதான்."

"அது பிர்ச்சுக்குச் சொந்தமா?" என்று சைமி உடனே கேட்டாள். இந்த முறை கேட்காமல் விடுவாளா?

காத்தி வாசலுக்கு வந்தார். அவர் முகத்தில் இப்போது கோபம் இல்லை. "இல்ல. தூரத்து உறவுகூட இல்ல. அது செம்பருத்திக் குடும்பம்."

செம்பருத்தியும் வெண்டையும் இருக்கிற பெரிய குடும்பம் அது. வெண்டைக்காயை நறுக்கினால் கையில் ஒட்டுமே, அந்த வழவழப்பு லிண்டனுக்கும் உண்டு.

மறுநாள் சைமி பூங்காவுக்குப் போய் மரத்தடியில் நின்றாள். பையில் கத்தரிக்கோல் இருந்தது. ஆனால் அதை வெளியே எடுக்கவில்லை. எங்கள் நாட்டில் காட்டுப் பழத்தை யார் வேண்டுமானாலும் பறிக்கலாம், காளானை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். ஆனால் உயிரோடு நிற்கிற மரத்திலிருந்து ஒரு சின்னக் கிளையைக்கூட உடையவரைக் கேட்காமல் ஒடிக்கக் கூடாது. இது வைனோவுக்குக்கூடத் தெரியும். இந்த மரம் நகராட்சியுடையது. நகராட்சியை எங்கே போய்ப் பார்ப்பது?

அவள் யோசித்துக்கொண்டிருந்தபோதே நகராட்சி வந்தது. ஒரு தள்ளுவண்டியையும் பெரிய வெட்டுக்கத்தரியையும் கொண்டுவந்தது. ஆரஞ்சு சட்டை போட்ட தோட்டக்காரப் பெண், லிண்டனின் அடிமரத்தைச் சுற்றிப் புதராக முளைத்திருந்த இளங்கொம்புகளைச் சரக் சரக்கென்று வெட்ட ஆரம்பித்தார்.

"ஏன் வெட்டறீங்க?" என்று சைமி பதறிப்போய்க் கேட்டாள்.

"வருஷா வருஷம் வெட்டறதுதான். விட்டா மரம் புதராயிடும், பெஞ்சு காணாமப் போயிடும்."

"வெட்டினதை என்ன பண்ணுவீங்க?"

"குப்பை மேட்டுக்குப் போகும்."

தள்ளுவண்டியில் விழுந்த கொம்புகளைச் சைமி பார்த்தாள். ஒவ்வொன்றிலும் கை அகலத்துக்குப் புத்தம் புது இலைகள்.

"எனக்குக் கொஞ்சம் தருவீங்களா? தழைக்கொத்து கட்டறதுக்கு."

தோட்டக்காரர் கத்தரியை நிறுத்தினார். "லிண்டன்லயா? ஏன், பிர்ச் எல்லாம் தீந்துபோச்சா?"

சைமி லெம்பியைப் பற்றிச் சொன்னாள். படகுத்துறையைப் பற்றியும் கொசுவைப் பற்றியும் சொன்னாள். ஆல்டரைப் பற்றியும் மறைக்காமல் சொன்னாள்.

"எடுத்துக்கோ" என்றார் தோட்டக்காரர். "எனக்கும் ஒரு நடை மிச்சம். கேக்காம ஒடிச்சுட்டு ஓடறவங்களைத்தான் இதுவரைக்கும் பாத்திருக்கேன். தண்டை ஈரத்துணியில சுத்தி வை, வாடாது. கட்டறதுக்குக் கயிறு தேடாத. இந்தத் தண்டுலயே பட்டையை உரி, நாரு நாரா வரும். அந்தக் காலத்துல கயிறே இதுலதான் திரிப்பாங்க."

அள்ள முடியாமல் அள்ளிக்கொண்டு சைமி வீட்டுக்கு வந்தாள். மூன்றாம் மாடி மணியை அடித்துவிட்டு, இந்தத் தடவை கையை நீட்டச் சொல்லவில்லை. கொஞ்சம் தள்ளியே நின்றாள்.

"முதல்ல உங்கம்மாவைக் கூப்பிடு."

காத்தி ஓர் இலையைக் கசக்கி, லெம்பியின் மணிக்கட்டில் வைத்துத் துணியால் கட்டினார். மூவரும் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அந்த நேரம் ஆமை வேகத்தில் போனது. லெம்பி வாயைத் திறந்தாலே தும்மப்போகிறாளோ என்று சைமிக்குப் பகீரென்றது.

கட்டை அவிழ்த்தார்கள். தோல் சிவக்கவில்லை. தடிக்கவில்லை. லெம்பி மணிக்கட்டைத் தடவிப் பார்த்தாள்.

"வழுவழுன்னு இருக்கு" என்றாள். "நல்லாத்தான் இருக்கு."

"நாளைக்கு வரைக்கும் பாக்கலாம்" என்றார் காத்தி. மறுநாளும் ஒன்றும் ஆகவில்லை.

இருவரும் சேர்ந்து தழைக்கொத்தைக் கட்டினார்கள். பட்டையை உரிப்பதில் லெம்பி சைமியைவிடக் கெட்டிக்காரி. ஒருமுறைகூட அறுபடாமல் நீளமாக உரித்தாள். கட்டி முடித்ததும் தழைக்கொத்தை முகத்தில் வைத்து மூச்சை இழுத்தாள். தும்மல் வரவில்லை.

"சரி, வரேன்" என்றாள். "ஆனா இது உங்கப்பாவோட கொக்கியில ஏறட்டும். அப்புறம்தான் நம்புவேன்."

திருநாளுக்கு முந்தைய நாளே சைமியின் குடும்பம் ஏரி வீட்டுக்குப் போய்விட்டது. லெம்பி வீட்டார் மறுநாள் வருவார்கள். போனதும் சைமி வாளியும் தேய்ப்பானுமாகச் சவுனாவுக்குள் புகுந்தாள். பலகைக்கு அடியில் போன வருடத்து பிர்ச் இலைகள் காய்ந்து ஒட்டிக் கிடந்தன. ஒன்று விடாமல் சுரண்டி எடுத்தாள். பலகையைத் தேய்த்தாள், சுவரைத் தேய்த்தாள். எட்டிப் பார்த்த வைனோவை ஓட ஓட விரட்டினாள்.

மறுநாள் காலை, இரண்டு ஜாடிகளை அப்பாவின் காபிக்கு முன்னால் வைத்தாள்.

பிர்ச் ஜாடியைக் குலுக்கினாள். வெள்ளை நுரை பொங்கியது.

"பாத்தியா?" என்று அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "நான் அப்பவே சொல்லல? எல்லாம் இருக்குன்னு."

லிண்டன் ஜாடியைக் குலுக்கினாள். நுரை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் எழவில்லை.

"இதுல ஒண்ணுமே இல்லையே" என்றார் அப்பா.

"கைய உள்ள விடுங்க."

நேற்று முழுவதும் விறகு பிளந்து அப்பாவின் உள்ளங்கை சிராய்த்துப்போயிருந்தது. போதாததற்கு மணிக்கட்டெல்லாம் கொசுக்கடி. ஊறவைத்த லிண்டன் இலைகளுக்குள் கையை விட்டார். பிசைந்தார். வெளியே எடுக்கவில்லை. காபி ஆறிக்கொண்டிருந்தது.

"பிர்ச் அழுக்கை எடுக்கும்" என்றாள் சைமி. "இது எரிச்சலை அடக்கும். அதே வேலை இல்ல. ஆனா இதுவும் ஒரு வேலைதானே?"

"ம்" என்றார் அப்பா.

"அப்பா, கைய எடுத்தாத்தான் காபி குடிக்க முடியும்" என்றான் வைனோ, அம்மாவின் குரலில்.

அப்பா எழுந்து கையைத் துடைத்தார். லிண்டன் தழைக்கொத்தை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இலையின் பளபளப்பான பக்கம் வெளியே தெரிகிறதா என்று பார்த்தார். தெரிந்தது.

"கட்டு நல்லா இருக்கு. யாரு நாரு உரிச்சது?"

"லெம்பி."

அப்பா சவுனாவுக்குப் போய், தன் கையாலேயே அதைக் கொக்கியில் மாட்டினார். ஆனால் திரும்பி வரும்போது, "பிர்ச் கொத்து எனக்கு வேணும், சொல்லிட்டேன்" என்றார்.

"நாங்க பொண்ணுங்க முதல்ல போறோம். நீங்க அப்புறமாப் போங்க. அதுவரைக்கும் உங்க பிர்ச் வெளியிலயே இருக்கட்டும்."

"நாங்க ரெண்டாவதா?"

"ஆமா."

அப்பா பெருமூச்சு விட்டார். ஆனால் மறுக்கவில்லை.

மதியம் கார் சத்தம் கேட்டதும் சைமி பாதைக்கு ஓடினாள். லெம்பி இறங்கினாள். சிரித்துக்கொண்டே நாலு எட்டு நடந்தவள் சட்டென்று நின்றுவிட்டாள். சைமி திரும்பிப் பார்த்தாள்.

வீட்டு வாசலில், கதவுக்கு இரண்டு பக்கமும், ஆளுயர பிர்ச் கன்றுகள் காற்றில் தலையாட்டிக்கொண்டு நின்றன. அப்பா கடைசி முடிச்சைப் போட்டுக்கொண்டிருந்தார்.

நடுக்கோடைக்கு வாசலில் பிர்ச் நிறுத்துவது எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்தான். அப்பா நினைவு தெரிந்த நாளிலிருந்து செய்கிறார். கை அதன்பாட்டில் செய்துவிட்டது. பலகைக்கு அடியில் கிடந்த காய்ந்த இலையைச் சுரண்டிய சைமிக்குக்கூட இது நினைவுக்கு வரவில்லை.

"பரவாயில்ல" என்றாள் லெம்பி. "நான் பின்பக்க ஜன்னல் வழியா ஏறிக்கறேன். போன வருஷமும் அப்படித்தான் போனேன்."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் அப்பாவின் கை கயிற்றிலேயே நின்றுவிட்டது. ஒரு சின்னப் பெண் திருநாளன்று ஜன்னல் ஏறிக் குதித்து வீட்டுக்குள் வந்தாள் என்பது அவருக்கு இப்போதுதான் தெரிந்தது. சைமி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். தேவைப்படவில்லை.

அப்பா முடிச்சை அவிழ்த்தார். இரண்டு கன்றுகளையும் தோளில் போட்டுக்கொண்டு தோட்டத்தின் கோடிக்கு நடந்தார். அங்கே இருந்தது வெளிக் கழிப்பறை. அதன் கதவுக்கு இரண்டு பக்கமும் கன்றுகளை நிறுத்திக் கட்டினார்.

"இந்த வருஷம் இதுக்குத்தான் ராஜ மரியாதை" என்றார்.

வைனோ விழுந்து விழுந்து சிரித்தான். லெம்பியின் அப்பா ஏசா கை தட்டினார்.

லெம்பி மட்டும் தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினாள். "நானும் அங்க போகணுமே."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். போன வருடம் வரை இதை அவள் சொல்லியிருக்க மாட்டாள், அடக்கிக்கொண்டு இருந்திருப்பாள். அப்பா மறுபடியும் முடிச்சை அவிழ்த்தார். கடைசியில் அந்தக் கன்றுகள் தூரத்து விறகுக் கொட்டகைக்குப் போய்ச் சேர்ந்தன.

அவர் கையைக் கழுவி, சட்டையையும் மாற்றிக்கொண்டு வந்தார். "கதவு திறந்திருக்கு லெம்பி" என்றார். "உள்ள வா."

லெம்பி வாசல் வழியாக உள்ளே போனாள்.

புது உருளைக்கிழங்கை வைனோதான் சீவினான். சாப்பிட்டு முடித்ததும் சவுனா அடுப்பு தயாராக இருந்தது. சைமியும் லெம்பியும் துண்டைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார்கள். இரண்டு அம்மாக்களும் பின்னாலேயே போனார்கள்.

லெம்பி கதவோரத்துப் பலகையில்தான் முதலில் உட்கார்ந்தாள். ஏதாவது ஆனால் வெளியே ஓட வசதியாக இருக்கும் என்று. காத்தி கல்லில் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றினார். ஆவி எழுந்து கூரையைத் தொட்டு இறங்கியது. சைமி லிண்டன் கொத்தை நனைத்து லெம்பியின் தோளில் மெதுவாகத் தட்டினாள்.

"எப்படி இருக்கு?"

லெம்பி மூக்கைத் தொட்டுப் பார்த்தாள். கன்னத்தைத் தடவிப் பார்த்தாள்.

"என்னடி, ஏதாவது பண்ணுதா?"

"இல்ல" என்றாள் லெம்பி. "இன்னும் கொஞ்சம் பலமாத் தட்டு."

அப்புறம் அவள் நடுப் பலகைக்கு ஏறினாள். அப்புறம் உச்சிப் பலகைக்கு. அப்புறம் தண்ணீர்க் கரண்டி அவள் கைக்குப் போய்விட்டது. உள்ளே எழுந்த சிரிப்புச் சத்தம் ஏரி வரைக்கும் கேட்டது.

படகுத்துறையில் அப்பாவும் ஏசாவும் வைனோவும் துண்டோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஏசாவின் மடியில் பிர்ச் கொத்து காத்துக் கிடந்தது.

"இந்த வஸ்தா வாடிடும்போல இருக்கே" என்றார் ஏசா.

"விஹ்தா" என்றார் அப்பா. அதற்கு மேல் சண்டை போட முடியவில்லை. பேச வாயைத் திறந்தால் கொசு உள்ளே போனது.

வைனோ முதுகில் ஒன்று அடித்தான், காலில் ஒன்று அடித்தான். "அக்கா," என்று கத்தினான், "எங்க ரத்தமெல்லாம் தீரப்போகுது. எப்ப வெளிய வருவீங்க?"

"இப்பத்தானே உள்ள வந்தோம்" என்று லெம்பியின் குரல் கேட்டது. அதைத் தொடர்ந்து கல்லில் இன்னொரு கரண்டித் தண்ணீர் விழுந்தது.